இருபது வயதில் ஆங்கிலம் கற்ற போலந்து மாலுமி

சிங்கப்பூர் ஆறு கடலைத் தொடும் இடத்தில், ஃபுல்லர்ட்டன் ஹோட்டலுக்கு அருகே, ஜோசப் கான்ராட் என்ற எழுத்தாளருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இலக்கியப் பாடம் எடுப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ‘லார்ட் ஜிம்’, ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ ஆகிய ஆங்கிலக் கதைகளை எழுதியவர். ஆனால் அவர் ஆங்கிலேயர் அல்லர். இருபது வயதில்தான் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். அவருடைய தாய்மொழி போலிஷ். முழுப்பெயர் யூசெஃப் தியோடோர் கொன்ராட் கொஷெனியோவ்ஸ்கி.

பல்கலைக்கழகப் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் நான் போலந்தின் கிராக்கோவ் நகரில் படித்தேன். கான்ராட் பதின்ம வயதில் வாழ்ந்த ஊர் அது. அங்கே தொடக்கநிலை போலிஷ் வகுப்பிலும் சேர்ந்தேன். வகுப்பில் என்னுடன் இருந்த அமெரிக்க, ஆஸ்திரேலிய மாணவர்கள் முதல் வாரத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உச்சரிப்பு மட்டும்தான் தொல்லை தந்தது. இலக்கணத்தின் எலும்புக்கூடு ஏதோ பழகிய வீடுபோல் இருந்தது.

காரணம் இதுதான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வேலையை அது நிற்கும் இடமும் முன்னிடைச் சொற்களும் சொல்லும். போலிஷில் சொல்லின் வாலைப் பார்க்க வேண்டும். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஏழு. ‘ஏ’, ‘தி’ போன்ற சுட்டுச்சொற்கள் தமிழிலும் இல்லை, போலிஷிலும் இல்லை. வந்தான், வந்தாள் என்று நம் வினைமுற்று ஆணையும் பெண்ணையும் காட்டுவதுபோல் போலிஷின் இறந்தகால வினையும் காட்டும். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் பொருள் புரியும்.

மரியாதைப் பேச்சு இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் பிரதமரும் ‘யூ’, பக்கத்து வீட்டுப் பூனையும் ‘யூ’. போலிஷில் நெருங்கியவர்களுக்கு மட்டும்தான் ஒருமை. மற்றவர்களை, ஆணென்றால் ‘பான்’, பெண்ணென்றால் ‘பானி’ என்று சொல்லி, வினையைப் படர்க்கையில் போட வேண்டும். எதிரே நிற்பவரிடமே “ஐயா சாப்பிட்டாரா?” என்று கேட்பதுபோல. எங்கள் பேராசிரியரை ஓர் ஆஸ்திரேலிய மாணவர் முதல் பெயர் சொல்லி அழைத்ததும் வகுப்பு முழுவதும் மௌனமானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்படிப்பட்ட மொழியில் பிறந்த ஒருவர், அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் எழுதினார்? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் கான்ராடின் வாழ்க்கையைப் படித்தேன்.

அவர் 1857ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி பெர்திச்சிவ் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது உக்ரேனில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை, அதாவது 123 ஆண்டுகளுக்கு, போலந்துக்காரர்களுக்குத் தங்கள் நாடு என்று சொல்ல மிஞ்சியவை மொழியும் இலக்கியமும் சமயமும்தான். ஆங்கிலம் பேசும் நாடுகளுடன் போலந்தை ஒப்பிடும்போது முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுவே. அதே காலத்தில் ஆங்கிலத்துக்குக் கப்பல்கள் இருந்தன, துறைமுகங்கள் இருந்தன, பேரரசு இருந்தது. ஆங்கிலத்தை யாரும் காப்பாற்ற வேண்டிய நிலை இல்லை. போலிஷுக்கோ, கவிஞர்களைத் தவிர வேறு படை இல்லை.

கான்ராடின் தந்தை அப்போலோ அத்தகைய கவிஞர்களில் ஒருவர். ஷேக்ஸ்பியர், விக்டர் ஹியூகோ, டிக்கன்ஸ் ஆகியோரைப் போலிஷில் மொழிபெயர்த்தவர். மகனுக்கு ‘கொன்ராட்’ என்று பெயர் வைத்ததே ஒரு அரசியல் செயல். போலந்தின் பெருங்கவி ஆதாம் மிட்ஸ்கியெவிச்சின் படைப்புகளில் அந்நியரை எதிர்க்கும் நாயகனின் பெயர் அது. ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சாவில் இரகசியமாகச் செயல்பட்ட அப்போலோவை 1861ஆம் ஆண்டு கைது செய்து, மறு ஆண்டு வடக்கே வோலக்டா என்ற குளிர்ப் பகுதிக்கு நாடு கடத்தினார்கள். மனைவி ஏவாவும் நான்கு வயது மகனும் உடன் சென்றார்கள். ஏவா 1865இல் காசநோயால் இறந்தார். விளையாட்டுத் தோழர்கள் இல்லாத வீட்டில், நோயாளித் தந்தையின் மொழிபெயர்ப்புத் தாள்களைப் படித்தபடி மகன் வளர்ந்தான். ஷேக்ஸ்பியரை அவன் முதலில் அறிந்தது தந்தையின் போலிஷில்தான்.

தந்தையும் மகனும் கடைசியாகக் கிராக்கோவுக்கு வந்தது மொழிக்காகவே. ரஷ்யா பிடித்த பகுதியில் பள்ளிகளிலிருந்து போலிஷ் வெளியேற்றப்பட்டுக் கொண்டிருந்தது. ஆஸ்திரியாவின் பிடியிலிருந்த கிராக்கோவில் ஓரளவு தளர்வு இருந்தது. மகனைப் போலந்துக்காரனாக வளர்க்க வேண்டும் என்பதைத் தவிர அப்போலோவுக்கு வேறு ஆசை மிஞ்சவில்லை. வந்த சில மாதங்களில், 1869 மே மாதம், அவரும் இறந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்ட அந்த இறுதி ஊர்வலத்தின் முன்வரிசையில் பதினொரு வயதுச் சிறுவன் தனியாக நடந்தான்.

பிறகு தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி பொறுப்பேற்றார். மாமன் உறவு நமக்கு எப்படியோ, கான்ராடுக்கும் அப்படித்தான் அமைந்தது. பணம் அனுப்பினார், கணக்குக் கேட்டார், திட்டினார், மீண்டும் பணம் அனுப்பினார். மருமகனுக்காகச் செலவழித்த ஒவ்வொரு காசையும் ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார்!

பதினாறு வயதில் கான்ராட் கடலுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். அதைச் சிறுபிள்ளைத்தனமான கனவு என்று மட்டும் கொள்ள முடியாது. அரசியல் கைதியின் மகன், அதுவும் ரஷ்யக் குடிமகன் என்பதால், பல ஆண்டுகள் ரஷ்ய இராணுவத்தில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அவருக்கு இருந்தது. 1874இல் அவர் பிரான்சின் மார்சே துறைமுகத்துக்கு ரயிலேறினார். பிரெஞ்சு மொழி அவருக்கு நன்றாக வரும். ஆனால் ரஷ்ய அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் பிரெஞ்சுக் கப்பல்களில் நீடிக்க முடியவில்லை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் அத்தகைய தாள் எதையும் கேட்கவில்லை. 1878 ஜூன் மாதம் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கு ஆங்கிலம் கிட்டத்தட்டத் தெரியாது.

அவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர்கள் ஆசிரியர்கள் அல்லர், நிலக்கரிக் கப்பல்களில் வேலை பார்த்த கிழக்குக் கரை மாலுமிகள். அந்த ஆங்கிலத்தைக் கொண்டே 1880இல் இரண்டாம் துணை மாலுமித் தேர்வில் தேறினார். அடுத்த தேர்வில் முதல் முறை தோற்று, 1884இல் தேறினார். கேப்டன் தேர்விலும் முதல் முறை தோற்று, 1886 நவம்பரில் தேறினார். பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தத் தேர்வுகளைச் சுவையாக விவரித்தவர், தோற்ற கதையை மட்டும் கவனமாக விட்டுவிட்டார். அதே 1886இல் பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடைத்தது.

இங்கிலாந்தின் இந்தப் பக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாடற்ற ஓர் அநாதை இளைஞனிடம், உன் தந்தை யார், எந்தக் கட்சி, எந்தத் தேவாலயம் என்று அந்தக் கப்பல் உலகம் கேட்கவில்லை. கயிறு கட்டத் தெரியுமா, கணக்குப் போடத் தெரியுமா என்று மட்டும் கேட்டது. தந்தையின் பெயரே சுமையாகிப்போன ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள்.

நம் வட்டாரத்துக்கு அவர் வந்த கதை 1883இல் தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து பேங்காக்குக்கு நிலக்கரி ஏற்றிச் சென்ற ‘பாலஸ்தீன்’ கப்பல் சுமத்ராவுக்கு அருகே தீப்பிடித்தது. மாலுமிகள் படகுகளில் முன்தோக் தீவுத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்தார்கள். விசாரணையும் இங்கேதான் நடந்தது. பின்னர் ‘யூத்’ என்ற கதையில் அந்தப் படகுப் பயணத்தைப் பெரும் சாகசமாக நீட்டினார். உண்மையில் அவர்கள் அரை நாளில் கரை சேர்ந்துவிட்டார்கள்.

1887இல் முதுகில் அடிபட்டுச் சிங்கப்பூர் மருத்துவமனையில் படுத்திருந்தவர், குணமானதும் ‘விதார்’ என்ற நீராவிக் கப்பலில் துணை மாலுமியாகச் சேர்ந்தார். அரபு வணிகர் ஒருவருக்குச் சொந்தமான கப்பல் அது. சிங்கப்பூரிலிருந்து போர்னியோவின் கிழக்குக் கரை ஆறுகளுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று திரும்பும். நான்கரை மாதங்கள்தான் அதில் இருந்தார். ஆனால் பாதி இலக்கிய வாழ்க்கைக்குத் தேவையான சரக்கை அதிலேயே ஏற்றிக்கொண்டார். பெராவ் ஆற்றங்கரையில் ஓல்மெயர் என்ற வணிகரைச் சந்தித்தார். சற்று மாறிய அந்தப் பெயர்தான் 1895இல் வெளிவந்த முதல் நாவல் ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’யின் தலைப்பில் நிற்கிறது.

சிங்கப்பூரில் அவர் காதில் விழுந்த இன்னொரு கதை ‘ஜெடா’ கப்பலுடையது. 1880இல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் 950க்கும் அதிகமான ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலில் நீர் புகுந்தது. கேப்டனும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டு, படகில் தப்பி ஏடனுக்குப் போய், கப்பல் மூழ்கிவிட்டது என்றார்கள். அதற்குள் இன்னொரு கப்பல் ‘ஜெடா’வை இழுத்துக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்தது, பயணிகளோடு! தப்பியோடியவர்களில் ஒருவரான துணை மாலுமி வில்லியம்ஸ், பிறகு சிங்கப்பூரிலேயே வாழ்ந்து, பிடாடரி இடுகாட்டில் அடக்கமானார். 1900இல் வந்த ‘லார்ட் ஜிம்’ அவர் நிழலில் பிறந்த நாவல். ஒரு நொடியில் கப்பலிலிருந்து குதித்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் அந்தக் குதிப்பை நினைத்து வேகும் இளைஞனின் கதை.

ஆங்கிலேய வாசகர் அதைக் கடல் கதையாகப் படித்தார். போலந்து வாசகர் வேறு மாதிரி படித்தார். மூழ்கும் கப்பலை விட்டுக் குதித்தவன் யார்? நாடு மூழ்கிக்கொண்டிருந்தபோது மார்சேக்கு ரயிலேறிய கொஷெனியோவ்ஸ்கி அல்லவா? இப்படிச் சொன்ன விமர்சகர்கள் பலர். நாவலை அப்படியே வாழ்க்கைக் கணக்காக மாற்றிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது.

1899இல், ‘லார்ட் ஜிம்’ எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எலிஸா ஒஷெஷ்கோவா என்ற புகழ்பெற்ற போலந்து எழுத்தாளர் ஒரு போலிஷ் வார இதழில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். திறமைசாலிகள் நாட்டை விட்டுப் போவது பற்றிய விவாதத்தில், ஆங்கிலத்தில் எழுதி நன்றாகச் சம்பாதிக்கும் ஒருவராகக் கான்ராடைச் சுட்டி, அது தாய்நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்றார். சம்பாத்தியம் என்ற பகுதி வெறும் கற்பனை. கான்ராட் அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் இரண்டு சமுதாயங்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. போலந்தில் பெருங்கவிஞருக்குத் தீர்க்கதரிசி என்று பொருள்படும் தனிச் சொல்லே உண்டு. கிராக்கோவின் வாவெல் பேராலய நிலவறையில் மன்னர்களுக்குப் பக்கத்தில் மிட்ஸ்கியெவிச் துயில்வதை நான் பார்த்தேன். இங்கிலாந்தும் வெஸ்ட்மின்ஸ்டரில் கவிஞர்களைப் புதைத்ததுதான். ஆனால் அங்கே நாடாளுமன்றம் ஒருபுறம், கடற்படை ஒருபுறம், கவிஞர் ஒருபுறம். நாட்டைச் சுமக்கும் வேலையைக் கவிஞர் செய்ய வேண்டியதில்லை. நாவலாசிரியர் என்பவர் பதிப்பகத்துக்கு நேரத்தில் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க வேண்டிய ஒரு தொழில்காரர். போலந்தின் அளவுகோலில் கான்ராட் படையிலிருந்து ஓடிய வீரர். இங்கிலாந்தின் அளவுகோலில் நன்றாக எழுதும் வெளிநாட்டுக்காரர். இரண்டும் அவருக்குப் பொருந்தாத சட்டைகள்.

அவர் 1901இல் கிராக்கோவிலிருந்த ஒரு நூலகருக்கு எழுதிய கடிதத்தில் தம் தரப்பைச் சொன்னார். தம் இனத்தையோ குடும்பப் பெயரையோ தாம் என்றும் மறுக்கவில்லை என்றார். ஜோசப், கான்ராட் இரண்டும் தம் சொந்தப் பெயர்களே. குடும்பப் பெயரை விட்டதற்குக் காரணம், அந்நியர் வாயில் அது சிதைவதைக் கேட்கச் சகிக்காததுதான். ஆனாலும் ஒஷெஷ்கோவாவின் சொல் ஆறவே இல்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, உறவுக்காரப் பெண் ஒருவர் அந்த எழுத்தாளரின் நூலைப் படிக்கக் கொடுக்க முன்வந்தபோது கோபத்துடன் மறுத்தார்.

மாமன் பொப்ரோவ்ஸ்கி மருமகனிடம், பயணக் கட்டுரைகளைப் போலிஷில் எழுதி வார்சா இதழ்களுக்கு அனுப்பும்படி 1881இலேயே சொல்லிப் பார்த்தார். மொழி துருப்பிடிக்காமல் இருக்கும் என்பது அவர் எண்ணம். மருமகன் கேட்கவில்லை. ஏன்? என் கருத்து இது. போலிஷில் பேனாவைத் தொட்டால் அப்போலோவின் மகனாகத்தான் எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கல்லறை இருக்கும். ஆங்கிலத்தில் அவருக்கு முன்னோர் இல்லை. அதனால் விசுவாசம், துரோகம், தனிமை என்ற போலந்தின் பழைய வலிகளை அங்கே கொண்டுபோய் மலாய்த் தீவுகளிலும் காங்கோ ஆற்றிலும் வைத்துப் புதிதாகப் பார்க்க முடிந்தது. அவரே கேட்டவர்களிடம், ஆங்கிலத்தைத் தாம் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவே தம்மைத் தத்தெடுத்துக்கொண்டது என்ற பொருளில்தான் பதில் சொன்னார்.

தத்துப்பிள்ளை சொந்த வீட்டை மறந்ததா? 1896இல் ஜெஸ்ஸி ஜார்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். இரண்டு மகன்கள். வீட்டில் போலிஷ் இல்லை. ஆனால் தேனிலவின்போது கடும் காய்ச்சலில் விழுந்தவர் மணிக்கணக்கில் போலிஷில் பிதற்றினார். ஒரு சொல்லும் புரியாமல் புது மனைவி பயந்துபோனார். 1910இல் ‘அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்’ நாவலை முடித்து உடல்நலம் சரிந்தபோதும் அதுவே நடந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1901இல், ‘ஏமி ஃபாஸ்டர்’ என்ற சிறுகதையை அவர் எழுதினார். கான்ராடை முதன்முதலாகப் படிக்க நினைப்பவர்களுக்கு நான் அதையே கொடுப்பேன். கார்ப்பேத்திய மலைப் பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட இளைஞன் ஒருவன், கப்பல் உடைந்து இங்கிலாந்தின் கென்ட் கரையில் ஒதுங்குகிறான். அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை. பைத்தியக்காரன் என்று கல்லெறிகிறார்கள், விறகுக் கொட்டிலில் பூட்டுகிறார்கள். ஒரு வேலைக்காரப் பெண் மட்டும் ரொட்டி கொடுக்கிறாள். அவளையே மணக்கிறான். குழந்தைக்குத் தன் மொழியில் தாலாட்டுப் பாடும்போது அவள் முகம் சுளிக்கிறாள். கடைசியில் காய்ச்சலில் தண்ணீர் கேட்கிறான். ஆங்கிலத்தில் கேட்பதாகத்தான் நினைக்கிறான். வாயில் வருவது தாய்மொழி. அவள் மிரண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடிவிடுகிறாள்.

டிசம்பர் 24ஆம் தேதி இரவு வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தேன். போலந்தில் கிறிஸ்துமஸின் முக்கிய விருந்து அன்றுதான். இறைச்சி கிடையாது, மரபுப்படி பன்னிரண்டு வகை உணவு. உண்பதற்கு முன் ஒரு மெல்லிய அப்பத்தைப் பிட்டு, ஒவ்வொருவரும் மற்றவருடன் பகிர்ந்து வாழ்த்திக்கொள்கிறார்கள். மேசையில் ஒரு தட்டு மட்டும் ஆளில்லாமல் இருந்தது. வழி தவறி வரும் யாரோ ஒருவருக்காம். எல்லா வீடுகளிலும் வைப்பார்களாம். கென்ட் கிராமத்தில் கல்லடி பட்டவன் எந்த மேசையை நினைத்து ஏங்கியிருப்பான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

கான்ராடின் பேச்சில் போலிஷ் வாடை கடைசிவரை போகவில்லை. 1923இல் நியூயார்க்கில் தம் நாவலின் பகுதியைப் படித்துக் காட்டியபோது அந்த உச்சரிப்பைப் பின்தொடரக் கேட்டவர்கள் தடுமாறினார்கள். பெண்களைக் கண்டால் குனிந்து கையை முத்தமிடும் போலந்துப் பிரபு குலத்து வழக்கத்தையும் விடவில்லை. அந்தக் குலமுறையும் இங்கிலாந்திலிருந்து வேறுபட்டது. இங்கிலாந்தில் பட்டம் பெரும்பாலும் மூத்த மகனுக்கே போகும். போலந்தில் எல்லாப் பிள்ளைகளும் பிரபுக்கள், ஏழையானாலும் சமம், மன்னரையே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 1924இல் பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் வழங்க முன்வந்தபோது கான்ராட் ஏற்கவில்லை. பரம்பரை இலச்சினை உள்ளவருக்கு அது தேவைப்படவில்லை போலும்.

நம் வட்டாரத்துடன் தொடர்புள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பகாங்கில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹியூ கிளிஃபர்ட், கான்ராடுக்கு மலாய்க்காரர்களைச் சரியாகத் தெரியாது என்று 1898இல் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். நியாயமான குறைதான். சில மாதங்கள் ஆறுகளில் போய்வந்தவருக்கு மலாய் வாழ்க்கை முழுதாகப் பிடிபட்டிருக்க முடியாது. இருவரும் பின்னர் நண்பர்களானார்கள். கான்ராடுக்கு முதல் பெரிய விற்பனை வெற்றியைத் தந்த ‘சான்ஸ்’ நாவல் கிளிஃபர்டுக்கே காணிக்கை.

1914 ஜூலையில், பல்லாண்டுகள் கழித்து, மனைவி மக்களுடன் கான்ராட் கிராக்கோவுக்கு வந்தார். மூத்த மகனைச் சிறுவயதுத் தெருக்களுக்கு அழைத்துச் சென்றார். தந்தையின் கல்லறைக்கும் போனார்கள். அங்கே அப்பா மண்டியிட்டதை மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சில நாள்களில் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் குடிமக்கள் ஆதலால் எதிரி மண்ணில் சிக்கிக்கொண்டு, மலையூரான சாக்கோப்பானேயில் தங்கி, வியன்னா, இத்தாலி வழியாக மிகுந்த சிரமத்துடன் ஊர் திரும்பினார்கள்.

போலந்து 1918இல் மீண்டும் நாடானது. கான்ராடின் நூல்களை உறவினர் அனியெலா ஜகூர்ஸ்கா போலிஷில் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபோது, இரகசியப் படைகளில் இருந்த இளையர்கள் ‘லார்ட் ஜிம்’மைப் படித்து, எது விசுவாசம் என்று தங்களுக்குள் விவாதித்தார்கள். ஓடிப்போனவர் எழுதியது என்று ஒருகாலத்தில் ஏசப்பட்டவரின் புத்தகம்!

அதைக் காண அவர் இல்லை. 1924 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். கேண்டர்பரி நகரில் அடக்கம். அந்த வாரம் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் கிரிக்கெட் விழா. தெருவெல்லாம் கொடிகள், எங்கும் ஆட்டம் பார்க்க வந்த கூட்டம். அதற்கு நடுவே சிறிய சவ ஊர்வலம் ஒன்று கடந்துபோனது. பின்னர் எழுப்பிய கல்லறைக் கல்லில் அவருடைய குடும்பப் பெயரைச் சரியாகவே செதுக்கினார்கள். நடுப்பெயர் ‘தியோடோர்’தான் எழுத்து மாறி, இன்றும் ‘டியடோர்’ என்று நிற்கிறது.